கொசுவிரட்டியின் செயல்திறனைச் சோதித்தல்

கொசுவிரட்டியின் செயல்திறனைச் சோதித்தல் என்பது, ஒரு களிம்போ, புகையோ, ஆவியோ, கருவியோ கொசுக்கடியை உண்மையிலேயே குறைக்கிறதா, எவ்வளவு குறைக்கிறது, எத்தனை மணி நேரம் குறைக்கிறது என்று அளந்து அறியும் முறை ஆகும். கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். பூசிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பூசிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக நாம் நம்பும் பல செய்திகள் முறையான சோதனையில் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்பதையும், எப்படிச் சோதித்தால் நிற்கும் என்பதையும் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திருச்சியும் கொசுவும்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிய, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. தென்கரையில் இருக்கும் திருச்சி நகரத்தின் ஊடாக உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. சுற்றிலும் நெல்வயலும் வாழைத்தோட்டமும் உண்டு. நகரத்துக்குள் சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, கொல்லைக் கிணறு, மாடியில் மூடாமல் கிடக்கும் டிரம் எல்லாம் உண்டு. ஒரே ஊரில் இத்தனை வகைத் தண்ணீர் இருந்தால் ஒரே வகைக் கொசு மட்டும் இருக்காது.

சாக்கடை நீரிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகுவது கியூலெக்ஸ் குவின்குபேசியேட்டஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இதுவே. இரவில் கடிக்கும்; நள்ளிரவை ஒட்டி அதிகமாகக் கடிக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி, டிரம், தேங்காய் ஓடு, பழைய டயர் ஆகியவற்றில் முட்டையிடுவது ஏடிஸ் எஜிப்தி. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பும் இக்கொசு பகலில் கடிக்கும்; காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதன் வேகம் கூடும். வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் டிரைட்டனியோரிங்கஸ் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி நகர்ப்புற மலேரியாவுக்குக் காரணம்.

இந்த வேறுபாடு சோதனைக்கு அடிப்படையானது. இரவு 10 மணிக்கு ஒரு களிம்பைப் பூசிக்கொண்டு உட்கார்ந்து, ஏடிஸ் கடிக்கவில்லை என்று சொன்னால் அது களிம்பின் பெருமை அல்ல. அந்த நேரத்தில் ஏடிஸ் பொதுவாகக் கடிக்க வருவதில்லை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வந்து இரவில் திறந்த வெளியில் படுத்திருக்கும் யாத்திரிகருக்குத் தேவையான பாதுகாப்பு ஒன்று. காலை 8 மணிக்குப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்குத் தேவையானது வேறொன்று. "கொசுவை விரட்டும்" என்று பொதுவாகச் சொல்லும் எந்தப் பொருளிடமும் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கொசுவை, எந்த நேரத்தில் என்பதுதான்.

தமிழ்நாட்டில் 2012-இல் 12,000-க்கும் மேற்பட்டோரும், 2017-இல் 23,000-க்கும் மேற்பட்டோரும் டெங்குவால் பாதிக்கப்பட்டதாக அரசுக் கணக்கு பதிவாகியுள்ளது. அப்படிப்பட்ட ஆண்டில், வேலை செய்யாத ஒரு விரட்டியை நம்பி இருப்பது, விரட்டியே இல்லாமல் இருப்பதைவிட மோசம். பூசியாயிற்று என்ற தைரியத்தில் தொட்டியை மூடாமலும் முழுக்கைச் சட்டை போடாமலும் இருந்துவிடுவோம்.

விரட்டுவது, மயக்குவது, கொல்வது

கடைக்காரர் எல்லாவற்றையும் "கொசு மருந்து" என்ற ஒரே பெயரில் கொடுத்தாலும், அவை செய்யும் வேலை வெவ்வேறு. தோலில் பூசும் களிம்பு கொசுவைக் கொல்வதில்லை. நம் உடல் வாடையை அது கண்டறிவதைக் குழப்பி, உட்காரவிடாமல் செய்கிறது. கொசுவர்த்திச் சுருளும் மின்சாரத்தில் செருகும் லிக்விடும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்தைக் காற்றில் கலக்கின்றன. அது கொசுவை அறைக்குள் வரவிடாமல் தடுக்கலாம், வந்ததை மயக்கி விழச் செய்யலாம், சிலவற்றைக் கொல்லலாம். தண்ணீரில் கலக்கும் மருந்து புழுக்களைக் கொல்வது.

இங்கே ஒரு குழப்பத்தைக் குறிப்பிட வேண்டும். ஏதோ ஒரு இலையின் சாறு கொசுவை ஒழிப்பதாகக் கல்லூரி ஆய்வுகளை மேற்கோள் காட்டிச் செய்திகள் அடிக்கடி வரும். நொச்சி, தும்பை, துளசி, வேம்பு என்று நம் ஊர்ச் செடிகள் பலவும் இப்படி ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும் பகுதி புழுக்களின் மேல் செய்யப்பட்டவை: ஒரு குவளைத் தண்ணீரில் சாற்றைக் கலந்து, 24 மணி நேரத்தில் எத்தனை புழு செத்தது என்று எண்ணுவார்கள். அது நல்ல ஆய்வுதான். ஆனால் புழுவைக் கொல்லும் சாற்றைக் கையில் தடவினால் பறக்கும் கொசு விலகும் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை தேவை. செய்தியைப் படிக்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது, சோதனை நடந்தது தண்ணீரிலா தோலிலா என்பதை.

சொந்த அனுபவம் ஏன் போதாது

ஒரு வீட்டில் மாலை ஐந்தரைக்கு விளக்கேற்றிச் சன்னல்களைச் சாத்துகிறார்கள். சாம்பிராணி போடுகிறார்கள். மின்விசிறியை வேகமாக வைக்கிறார்கள். புதிதாக வாங்கிய லிக்விடையும் செருகுகிறார்கள். அன்று இரவு கொசு குறைவு. பாராட்டு லிக்விடுக்குப் போகிறது. சன்னல் சாத்தியதற்கு எவ்வளவு பங்கு, விசிறிக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கேட்பதில்லை. கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி அல்ல. விசிறிக் காற்றே அது உட்காருவதைத் தடுக்கும், நம் மூச்சுக்காற்றையும் வாடையையும் கலைத்துவிடும்.

கொசுவின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுவதும் இன்னொரு காரணம். காற்றடித்தால் குறையும், மழை பெய்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கூடும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கடைக்குப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு தானாகவே குறையும் என்பதால், எதை வாங்கி வைத்தாலும் அது வேலை செய்ததுபோலத் தெரியும்.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. "எனக்கு மட்டும் ஏன் இத்தனை கடி?" என்று கேட்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அது கற்பனை அல்ல. கரியமில வாயு, உடல் வெப்பம், வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம், தோலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாடை ஆகியவற்றைக் கொண்டு பெண் கொசு ஆளைத் தேடுகிறது; இவை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே அண்ணனுக்குப் பூசி, தம்பியைப் பூசாமல் உட்காரவைத்து ஒப்பிட்டால், அளப்பது களிம்பையா அண்ணன்–தம்பி வித்தியாசத்தையா என்று சொல்ல முடியாது.

இந்த எல்லாச் சிக்கலுக்கும் தீர்வு ஒன்றே: மருந்து உள்ளதையும் இல்லாததையும், மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும்போது, பல முறை ஒப்பிடுவது. மருந்து இல்லாத பக்கத்தைக் கட்டுப்பாடு என்பார்கள். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கொசு வந்தே ஆக வேண்டும். அங்கேயும் வரவில்லை என்றால் அந்தச் சோதனை தள்ளுபடி.

கை–கூண்டு சோதனை

தோலில் பூசும் விரட்டிகளுக்கு ஆய்வகத்தில் செய்யப்படும் சோதனை இது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. பக்கத்துக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் உள்ள வலைக்கூண்டில் 200 முதல் 250 பெண் கொசுக்களை விடுவார்கள். அவை ஆய்வகத்திலேயே முட்டையிலிருந்து வளர்க்கப்பட்டவை. இதுவரை இரத்தம் குடிக்காதவை. எனவே நோய்க்கிருமி இல்லாதவை. சோதனைக்கு முன் சர்க்கரை நீரையும் நிறுத்திப் பசியோடு வைத்திருப்பார்கள்.

தன்னார்வலர் கைக்கு உறை மாட்டிக்கொண்டு முன்கையை மட்டும் திறந்து வைப்பார். முந்தைய 12 மணி நேரம் வாசனைத் தைலமோ புகையிலையோ கூடாது. முதலில் மருந்து பூசாத கையைக் கூண்டுக்குள் நீட்ட வேண்டும். 30 வினாடிக்குள் குறைந்தது 10 கொசுவாவது வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அன்றைய கொசுக்களுக்குப் பசி போதாது, அல்லது அந்த ஆள் கொசுவைக் கவராதவர். மேலே போவதில் பயன் இல்லை. சோதனை முழுவதிலும் எனக்குப் பிடித்த படி இதுதான். மருந்தைச் சோதிக்கும் முன் கொசுவைச் சோதிக்கிறார்கள்.

பிறகு அளந்து எடுத்த மருந்தைப் பூசிய கையை 3 நிமிடம் உள்ளே வைப்பார்கள். அரை மணிக்கு ஒரு முறையோ ஒரு மணிக்கு ஒரு முறையோ இதைத் திரும்பச் செய்வார்கள். பூசிய நேரத்திலிருந்து முதல் கொசு கையில் உட்காரும் வரை உள்ள இடைவெளியே முழுப் பாதுகாப்பு நேரம். ஒப்பிடுவதற்காக, ஏற்கெனவே தரம் தெரிந்த 20 விழுக்காடு டீட் கரைசலையும் இதேபோலச் சோதிப்பார்கள். பகலில் கடிக்கும் ஏடிஸை வெளிச்சத்திலும், இரவில் கடிக்கும் அனாபிலஸை இருட்டிலும் சோதிப்பது விதி.

கூண்டில் கொசு எத்தனை, கை எத்தனை நிமிடம் என்பது மாறினால் விடையும் மாறும். 200 கொசுவுள்ள கூண்டில் 2 மணி நேரம் நிற்கும் களிம்பு, 10 கொசுவுள்ள கூண்டில் அதைவிட நெடுநேரம் நிற்கலாம். ஆகவே ஒரு நிறுவனத்தின் "8 மணி நேரம்" என்ற எண்ணையும் மற்றொன்றின் "6 மணி நேரம்" என்ற எண்ணையும், இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை என்று தெரியாமல் ஒப்பிடக் கூடாது.

சுருள், லிக்விட் போன்றவற்றுக்குக் கூண்டு போதாது, அறை வேண்டும். பீட், கிரேடி என்னும் இருவர் பெயரால் அழைக்கப்படும், நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றும் சுமார் 6 அடி உள்ள அறையில் கொசுக்களை விட்டு, எத்தனை நிமிடத்தில் பாதிக் கொசுக்கள் மயங்கி விழுகின்றன என்று பார்ப்பார்கள். மூடிய அந்தச் சிறு அறையில் நன்றாகத் தேறும் சுருள், முற்றமும் திறந்த சன்னலும் உள்ள பழைய ஸ்ரீரங்கத்து வீட்டில் அதே அளவு வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

களச் சோதனை

ஆய்வகத்தில் தேறிய மருந்தை இயற்கையான கொசுக்களிடம் சோதிப்பது அடுத்த கட்டம். கொசு மிகுந்த இடத்தில் தன்னார்வலர்கள் முழங்காலுக்குக் கீழே திறந்து வைத்து உட்கார்ந்து, காலில் வந்து உட்காரும் கொசுக்களைக் கடிக்கும் முன்பே சிறு உறிஞ்சுகுழாயால் பிடிப்பார்கள். மருந்து பூசாதவரிடம் 40 கொசுவும் பூசியவரிடம் 4 கொசுவும் பிடிபட்டால், 40-இலிருந்து 4-ஐக் கழித்து 40-ஆல் வகுக்க வேண்டும்: பாதுகாப்பு 90 விழுக்காடு. பூசாதவரிடம் 10, பூசியவரிடம் 1 என்றாலும் 90 விழுக்காடுதான் வரும். ஆனால் அந்த ஒன்று தற்செயலாக இரண்டாகியிருந்தால் 80 ஆகிவிடும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது விழுக்காட்டை நம்பக் கூடாது.

இருவரும் அருகருகே உட்காரக் கூடாது என்பது இங்கே முக்கியம். பூசியவரிடமிருந்து விலகிய கொசு பக்கத்தில் பூசாமல் இருப்பவரிடம் போகும். கட்டுப்பாட்டுப் பக்கத்தின் எண்ணிக்கை வீங்கி, மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். எனவே தள்ளித்தள்ளி உட்காரவைத்து, இடத்தையும் மருந்தையும் இரவுக்கு இரவு மாற்றிக்கொண்டே போவார்கள். (வீட்டிலும் இதே கதைதான். பாட்டியும் பேரனும் ஒரே அறையில் படுத்திருக்க, ஒருவர் மட்டும் பூசிக்கொள்வது மற்றவருக்கு நல்லதல்ல.)

களத்தில் திரியும் கொசுவில் கிருமி இருக்கக்கூடும். அதனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், தன்னார்வலரின் எழுத்துமூலமான சம்மதமும், மருத்துவக் கண்காணிப்பும் இல்லாமல் இச்சோதனையைச் செய்யக் கூடாது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் கொசு நிறைந்த பெட்டிக்குள் கையை விடுவதோ, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கடி எண்ணுவதோ வேண்டாம்.

சோதனையில் தேறியவை, தேறாதவை

டீட் 1944-இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டு, முதலில் ராணுவத்துக்கும் 1957 முதல் பொதுமக்களுக்கும் வந்தது. இன்றுவரை மற்ற விரட்டிகளை அளக்கும் படிக்கல் அதுதான். இந்தியாவில் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டெபா என்ற விரட்டியை உருவாக்கியது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஓடோமாஸ் களிம்பில் உள்ளது டைஎத்தில் பென்சமைடு.

2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு சோதனையில் 15 தன்னார்வலர்கள் 16 பொருள்களை ஏடிஸ் கொசுக்களிடம் ஒப்பிட்டார்கள். 23.8 விழுக்காடு டீட் உள்ள பொருள் சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சோயா எண்ணெய் சேர்ந்த ஒரு பொருள் ஒன்றரை மணி நேரம் நின்றது. சிட்ரோனெல்லா எனப்படும் காமாட்சிப்புல் எண்ணெய் வகைகள் 20 நிமிடத்துக்குள் ஓய்ந்தன. மணிக்கட்டில் கட்டும் பட்டைகள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. நம் ஊரில் குழந்தைகள் கையில் வண்ண வண்ணமாகக் கட்டிவிடும் பட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண் நினைவுக்கு வரும். பட்டை கட்டிய மணிக்கட்டில் வாடை இருக்கலாம். கணுக்காலுக்கு அது தெரியாது.

காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளும் கைப்பேசிச் செயலிகளும் உண்டு. 2007-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 10 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கருவி ஓடியபோதும் ஓடாதபோதும் கொசு வந்து உட்காருவதில் குறைவு எதுவும் இல்லை என்பது அதன் முடிவு.

வேப்பெண்ணெய்க் கதை சற்று நீளமானது. தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து பூசினால் அனாபிலஸ் வகைகளிடமிருந்து 12 மணி நேரம் முழுப் பாதுகாப்பு கிடைத்ததாக 1993-இல் இந்திய மலேரியா ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை வைத்து "வேப்பெண்ணெய் எல்லாக் கொசுவையும் விரட்டும்" என்று சொல்வது தவறு. அந்த 12 மணி நேரம் அனாபிலஸுக்குச் சொல்லப்பட்டது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்கு அல்ல. பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இவ்வளவு நீண்ட பாதுகாப்பு எப்போதும் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெயை மட்டும் பூசிய காலையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் வேம்பின் பங்கு எவ்வளவு, எண்ணெய்ப் படலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

வேப்பிலை, நொச்சிப் புகையும் ஓரளவு கொசுவைக் கலைக்கும். புகை இருக்கும் வரைதான். புகைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டது. ஆஸ்துமா உள்ளவர் தூங்கும் மூடிய அறையில் இதை மறக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை

கடி வாங்காமலேயே வீட்டில் ஒரு லிக்விடைச் சோதிக்கலாம். எல்லோரும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அறையின் சன்னல், கதவு, விசிறி வேகம், விளக்கு எல்லாம் எல்லா இரவும் ஒன்றாக இருக்க வேண்டும். தரையில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். விடியற்காலையில் டார்ச் அடித்து, வலையின் வெளிப்புறத்திலும் சுவரிலும் உயிரோடு உட்கார்ந்திருக்கும் கொசுவை எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும். துணியில் விழுந்து கிடப்பதைத் தனியே எழுத வேண்டும்.

எந்த இரவு மருந்து, எந்த இரவு இல்லை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். "இன்று கொசு அதிகம், இன்று வைப்போம்" என்று முடிவு செய்தால் சோதனை கெட்டது. மருந்தில்லாத இரவில் தீர்ந்துபோன குப்பியைச் செருகி வைத்தால், காலையில் எண்ணுபவருக்கு எது எது என்று தெரியாது. தெரியாமல் எண்ணுவதே நேர்மையான எண்ணிக்கை. மருந்து திரையிலும் சுவரிலும் சிறிது தங்கும் என்பதால் ஒவ்வொரு சோதனை இரவுக்கும் இடையே ஓர் இரவு சும்மா விடுவது நல்லது.

ஒரு கற்பனைக் கணக்கு. மருந்தில்லாத 6 இரவுகளில் 14, 9, 21, 17, 8, 15 கொசுக்கள்: மொத்தம் 84. மருந்து வைத்த 6 இரவுகளில் 5, 3, 9, 4, 2, 5: மொத்தம் 28. குறைவு 56, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, 67 விழுக்காடு. இதே வீட்டில் ஒருவர் இரண்டே இரவு மட்டும் பார்த்து, 8-ஐயும் 9-ஐயும் கண்டிருந்தால் "மருந்து வைத்தால் கொசு கூடுகிறது" என்பார். இன்னொருவர் 21-ஐயும் 2-ஐயும் கண்டிருந்தால் "90 விழுக்காடு போய்விட்டது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரிடமும் இரவுகள் போதவில்லை, அவ்வளவே.

67 விழுக்காடு என்பது நல்ல எண்ணா என்பது தேவையைப் பொறுத்தது. தூக்கம் கெடாமல் இருக்க அது போதும். ஏடிஸ் உள்ள இடத்தில் மீதி மூன்றில் ஒரு பங்கில் ஒன்றே ஒன்று கிருமியோடு இருந்தால் போதும்; அங்கே தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி மூடுவதற்கு எந்த விரட்டியும் மாற்று அல்ல. ஓராண்டு வேலை செய்த மருந்து மறு ஆண்டு செய்யாமல் போவதும் நடக்கும். பைரித்ராய்டுகளைத் தாங்கும் திறன் பல ஊர்க் கொசுக்களில் வளர்ந்துவிட்டது. இரண்டு சுருள் கொளுத்தினால் சரியாகிவிடும் என்று புகையைக் கூட்டுவதைவிட, மேலே சொன்ன நோட்டை மறுபடி திறந்து எண்ணிப் பார்ப்பது மேல்.

உறையில் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் வீட்டுப் பூச்சிமருந்துகள் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பரிதாபாத்தில் உள்ள மத்திய வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது செயல்திறன், நச்சுத்தன்மை ஆகிய இரண்டுக்கும் சான்று கொடுக்க வேண்டும். எனவே உறையில் பதிவு எண், மருந்தின் பெயர், அதன் விழுக்காடு, காலாவதித் தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என இறங்கும். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கொசு ஊதுபத்திகளில் சில இந்த எதுவும் இல்லாமல் வருகின்றன. "மூலிகை" என்று எழுதியிருப்பது பதிவு எண்ணுக்கு ஈடாகாது; உள்ளே எரிவது என்ன என்று அந்த உறையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தோலில் பூசுவதாக இருந்தால் விழுக்காட்டைப் படிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் செறிவு கூடினால் பாதுகாப்பு நேரம் நீளுமே தவிர, கொசு இரண்டு மடங்கு பயந்து ஓடாது. டீட்டைப் பொறுத்தவரை 50 விழுக்காட்டுக்கு மேல் போனால் நேரமும் பெரிதாகக் கூடுவதில்லை. திருச்சி வெயிலில் வியர்த்து வழியும்போதும், அம்மா மண்டபத்தில் குளித்தெழுந்த பிறகும், உறையில் எழுதிய மணிக்கணக்கு செல்லாது. துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். குழந்தையின் உள்ளங்கையிலும் கண், வாய் அருகிலும் பூசக் கூடாது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்தக் களிம்பும் வேண்டாம், கொசுவலையே போதும்.